பழைய கணினிக்கு இலவச சி கம்பைலர்: தரநிலைப்படி நடப்பதைத் தேர்ந்தெடுப்பதும் சோதிப்பதும்

கம்பைலரைத் தேடப் புறப்படும் முன் இரண்டு விவரங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டிக்குள் இருக்கும் பிராசசர் எது? நீங்கள் கம்பைல் செய்யப்போகும் கோடு (நிரல்) எந்த ஆண்டின் சி தரநிலையில் எழுதப்பட்டது? இந்த இரண்டும் தெரிந்தால் தேர்வு தானாகவே இரண்டு மூன்றுக்குள் அடங்கிவிடும். தெரியாமல் இறங்கினால், கிடைத்த ஜிப் ஃபைல்களையெல்லாம் இறக்கி வைத்துக்கொண்டு வாரக் கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

தரநிலையின் வரலாறு சிறியதுதான். 1989 டிசம்பரில் அமெரிக்கத் தரநிலை அமைப்பான ஆன்சி ஏற்றது சி89. அதே மொழியை 1990-இல் சர்வதேசத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓ ஏற்றபோது சி90 என்று பெயர். 1995-இல் ஒரு சிறு திருத்தம். பிறகு சி99, சி11, சி17, சி23. பழைய கணினிக்குக் குறி வைக்க வேண்டியது சி89தான். இதைப் பழமைப் பற்றாக எண்ண வேண்டாம், கணக்கே அப்படித்தான் வருகிறது. தனியொரு அரே அல்லது ஸ்ட்ரக்சர் குறைந்தபட்சம் 32767 பைட் வரை இருக்கக் கம்பைலர் இடம் தர வேண்டும் என்கிறது சி89. சி99 அதை 65535 ஆக்கியது. 8086 என்ற பழைய 16 பிட் பிராசசரில் ஒரு செக்மென்ட்டே (நினைவகத் துண்டு) 65536 பைட்தான். கூடவே 64 பிட் இன்டிஜர் வேறு கட்டாயம். 16 பிட் இயந்திரத்தில் சி99 ஏன் மூச்சு முட்டுகிறது என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

"இலவசம்" என்ற சொல்லையும் ஒருமுறை உரசிப் பார்க்க வேண்டும். காசில்லாமல் தருகிறோம் என்று உரிமையாளரே அறிவித்தது ஒரு வகை. சோர்ஸோடு திறந்துவிடப்பட்டது இன்னொரு வகை. உரிமையாளர் எதுவும் சொல்லாமல் யாரோ ஏற்றி வைத்திருப்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வகை இலவசமே அல்ல, அதன் பக்கம் போக வேண்டிய தேவையும் இல்லை. முதல் இரண்டு வகையிலேயே நல்ல கம்பைலர்கள் தாராளமாகக் கிடைக்கின்றன.

டர்போ சி போதுமா?

தமிழ்நாட்டுக் கல்லூரி லேப்களில் சி படித்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நீலத் திரைதான். டர்போ சி 2.01, டர்போ சி++ 1.01 இரண்டையும் போர்லாண்ட் பின்னாளில் இலவசமாகவே வெளியிட்டது. லேப்களில் பரவலாக இருந்த 3.0 அந்தப் பட்டியலில் இல்லை. 2.01 இன்றும் எக்ஸ்டி (8088 பிராசசர் உள்ள பழைய ஐபிஎம் பிசி) மேலேயே நேராக ஓடும். கம்பைல் செய்யும் வேகமும் அருமை.

தரநிலை என்று வரும்போதுதான் சிக்கல். 2.01-இன் தேதி 1989 மே. ஆன்சி தரநிலை முடிவானது அதே ஆண்டு டிசம்பரில். அதாவது வரைவைப் பார்த்துச் செய்த கம்பைலர் அது. பெரும்பாலும் பொருந்தும், முழுதும் பொருந்தாது. ஆன்சி முறையில் ஓட்ட, கமாண்ட் லைன் கம்பைலரான டிசிசி-யைப் பெரிய எழுத்து "-ஏ" சுவிட்சோடு கூப்பிட வேண்டும். தரநிலைக்கு உட்பட்டிருப்பதாக அறிவிக்கும் எஸ்டிடிசி மேக்ரோவை (முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு) அது அப்போதுதான் வரையறுக்கும்.

டர்போவில் அடிக்கடி கடிக்கும் பிழை ஒன்று உண்டு. ஸ்ட்ரக்சருக்குள் இருக்கும் ஃப்ளோட்டுக்கு ஸ்கேன்எஃப் வைத்து எண் வாங்கும் புரோகிராம் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் கம்பைல் ஆகும். ஓடும்போது, தசம எண் வடிவங்கள் லிங்க் ஆகவில்லை என்று சொல்லிப் படுத்துவிடும். இடத்தை மிச்சம் பிடிக்க, புரோகிராமில் தசமக் கணக்கு கண்ணில் பட்டால்தான் அந்தப் பகுதியை லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் கருவி) சேர்க்கும். ஸ்ட்ரக்சர் வழியாக முகவரியை மட்டும் அனுப்பினால் அதற்குத் தெரிவதில்லை. ஒரு ஃப்ளோட் மாறியின் முகவரியை எடுத்து அதன் வழியாக மதிப்புப் போடும் சிறு ஃபங்ஷன் ஒன்றை அதே ஃபைலில் எழுதி வைத்தால் சரியாகிவிடும். தரநிலைப்படி எழுதிய கோடுக்கு இப்படி முட்டுக்கொடுக்க வேண்டியிருப்பதே, கம்பைலர் தரநிலைக்கு முழுதும் உட்படவில்லை என்பதற்குச் சான்று.

வாய்ட் மெயின், கோனியோ ஹெடர், கிளியர்ஸ்கிரீன், கெட்ச் ஆகியவை எந்தச் சி தரநிலையிலும் இல்லை. பழைய லேப் நோட்டிலிருந்து எடுத்த கோடு வேறு கம்பைலரில் ஏறாவிட்டால் முதலில் இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

நம்புவதற்கு முன் ஐந்து சோதனைகள்

பிளம் ஹால், பெரெனியல் போன்ற முழுமையான சோதனைத் தொகுப்புகள் காசுக்குத்தான் கிடைக்கும். ஜிசிசி என்ற திறந்த மூலக் கம்பைலரோடு வரும் "டார்ச்சர்" சோதனைகள் இலவசம், ஆனால் பல பெரிய இயந்திரத்தை மனத்தில் வைத்து எழுதியவை. கீழே உள்ளவற்றை அரை மணி நேரத்தில் நீங்களே எழுதிவிடலாம். ஒரு கம்பைலரின் குணம் தெரிய இவை போதும்.

ஒன்று, ஹெடர் சோதனை. சி89-இல் உள்ள ஹெடர்கள் சரியாக 15: அசெர்ட், சிடைப், எர்நோ, ஃப்ளோட், லிமிட்ஸ், லொகேல், மேத், செட்ஜம்ப், சிக்னல், எஸ்டிடிஆர்க், எஸ்டிடிடெஃப், எஸ்டிடிஐஓ, எஸ்டிடிலிப், ஸ்ட்ரிங், டைம். பதினைந்தையும் ஒரே ஃபைலில் இன்க்ளூட் செய்து, வெறும் மெயின் ஒன்றை மட்டும் எழுதிக் கம்பைல் செய்யுங்கள். எது இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது, சி-யாகத்தான் கம்பைல் ஆகிறதா என்பது. ஒற்றை மேற்கோளுக்குள் போட்ட ஓர் எழுத்தின் சைஸ்ஆஃபை அச்சிடுங்கள். 16 பிட் கம்பைலரில் 2, 32 பிட்டில் 4 வர வேண்டும். 1 வந்தால் உங்கள் ஃபைல் சி++ ஆகக் கம்பைல் ஆகிக்கொண்டிருக்கிறது. டர்போ சி++ புது ஃபைலுக்குத் தானே வைக்கும் பெயரின் வால் சிபிபி என்பதால் இது தெரியாமலே நடக்கும். மால்லாக் தரும் பாயின்டரை காஸ்ட் செய்யாமல் வைத்தால் எரர் வருவதற்கும் இதுதான் காரணம். ஃபைல் பெயரின் வாலைச் சி என்று மாற்றிச் சேமித்தால் போதும்.

மூன்றாவது, பழைய கே-அண்ட்-ஆர் (தரநிலைக்கு முந்திய சி) வாடை அடிக்கிறதா என்று பார்ப்பது. அன்சைன்ட் கேர் மாறி ஒன்றில் 1 வைத்து, அதிலிருந்து 2-ஐக் கழித்து, விடை 0-வை விடச் சிறியதா என்று கேளுங்கள். தரநிலைப்படி மாறி முதலில் இன்ட் ஆக உயரும், விடை -1, பதில் "ஆம்". "இல்லை" என்றால் அந்தக் கம்பைலர் அன்சைன்ட் தன்மையைக் கடைசி வரை பிடித்துக்கொண்டிருக்கும் பழைய வகை. எரர் காட்டாமல் விடையை மட்டும் மாற்றும் வேறுபாடு என்பதால் ஐந்திலும் முக்கியமானது இதுதான்.

நான்காவது, பிரிபிராசசர், அதாவது கம்பைலுக்கு முன் மேக்ரோக்களை விரிக்கும் பகுதி. ஒரு மேக்ரோவுக்குள் இரண்டு பெயர்களுக்கு நடுவே வெறும் /**/ என்ற காலிக் கமென்ட்டைப் போட்டுப் பாருங்கள். தரநிலைப்படி கமென்ட் ஒரு இடைவெளியாக மாறும், இரண்டும் தனித்தனியாகவே நிற்கும். இரண்டும் ஒட்டிக்கொண்டால் அது பழைய பிரிபிராசசர். ஒட்டுவதற்குத் தரநிலை தந்த குறி ##, மேற்கோளுக்குள் போட #. இரண்டையும் சோதியுங்கள்.

ஐந்தாவது, வரம்புகள். அடுத்தடுத்து வைத்த மேற்கோள் சரங்களை ஒட்டிச் சேர்த்து 509 எழுத்து வரை கம்பைலர் ஏற்க வேண்டும். ஒரு சுவிட்ச்சில் 257 கேஸ், 8 அடுக்கு இன்க்ளூட், 15 அடுக்கு பிளாக். சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றால் இவற்றை உருவாக்கிக் கம்பைலருக்குக் கொடுங்கள்.

கம்பைலர் மேல் தவறில்லாமலே விடை தவறும் ஒரு இடமும் உண்டு. லாங் மாறி ஒன்றில் 200 * 200 என்று எழுதினால் 16 பிட் கம்பைலரில் -25536 கிடைக்கும். வாங்குகிற மாறி லாங்தான், ஆனால் பெருக்கல் நடப்பது இன்ட்டில். 40000 அதில் கொள்ளாது. ஓர் எண்ணுக்குப் பின் எல் சேர்த்து 200எல் என்று எழுத வேண்டும். லினக்ஸில் ஒழுங்காக ஓடிய கோடு பழைய பெட்டியில் கெடுவதற்கு நாங்கள் முதலில் சந்தேகிக்கும் இடம் இதுதான்.

8086, 286: ஓப்பன் வாட்காம்

640 கேபி பெட்டிகளுக்கு எங்கள் பரிந்துரை ஓப்பன் வாட்காம். ஒரு காலத்தில் காசு கொடுத்து வாங்கிய வாட்காம் கம்பைலரை சைபேஸ் திறந்துவிட, 2003 ஜனவரியில் 1.0 வந்தது. 2010-இல் வந்தது 1.9. அதன் பிறகு வளர்வது வி2 என்ற கிளை. சோர்ஸ் முழுதும் கிடைக்கிறது. ஆனால் அதன் உரிமத்தை ஓப்பன் சோர்ஸ் அமைப்பு ஏற்றது, ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் ஏற்கவில்லை. உங்கள் புரோகிராமை விற்பதற்கோ பகிர்வதற்கோ இது தடை இல்லை. கம்பைலரையே திருத்தி வெளியிட நினைப்பவர்கள் உரிமத்தைப் படித்துவிட வேண்டும்.

கம்பைலர் ஓட 386 அல்லது அதற்கு மேல் வேண்டும். அது உருவாக்கும் புரோகிராம் 8086-இல் ஓடும். ஆகவே புது லேப்டாப்பில் கம்பைல் செய்து பழைய பெட்டியில் ஓட்டுவதே வழி. எக்ஸ்டி மேலேயே கம்பைல் செய்தாக வேண்டும் என்றால், இலவசமாக வெளியிடப்பட்ட ஹை-டெக் நிறுவனத்தின் பசிபிக் சி இருக்கிறது. ஆன்சி சி, டாஸுக்கானது, பொறுமை வேண்டும்.

வாட்காமை நிறுவும்போது 16 பிட் கம்பைலர், டாஸ் டார்கெட், 16 பிட் லைப்ரரியின் எல்லா மெமரி மாடல்களும் என மூன்றையும் டிக் செய்யுங்கள். மாடல் ஒன்றை விட்டுவிட்டால், பிறகு சிலிப்எஸ் அல்லது சிலிப்எல் லைப்ரரியைத் திறக்க முடியவில்லை என்று லிங்கர் டபிள்யூ1008 எச்சரிக்கை காட்டும். அதன் பின்னாலேயே வரையறுக்கப்படாத பெயர்கள் என்று இ2028 எரர்கள் வரிசை கட்டும். கோடில் தவறு தேடாதீர்கள், நிறுவலைத் திரும்ப ஓட்டுங்கள்.

பிறகு மூன்று என்விரான்மென்ட் மாறிகள். வாட்காம் என்ற மாறியில் நிறுவிய ஃபோல்டர். பாத்தின் முன்னால் பின்டபிள்யூ (டாஸ்), பின்என்டி (விண்டோஸ்), பின்எல் (32 பிட் லினக்ஸ்), பின்எல்64 (64 பிட் லினக்ஸ்) ஆகியவற்றில் உங்களுக்கானது. இன்க்ளூடில் வாட்காமுக்குள் இருக்கும் "ஹெச்" ஃபோல்டர். லினக்ஸில் நிறுவினால் உடன் வரும் ஸ்கிரிப்ட் இதில் "எல்ஹெச்" ஃபோல்டரைப் போட்டு வைத்திருக்கக்கூடும். அது லினக்ஸ் டார்கெட்டுக்கான ஹெடர். டாஸுக்குக் கம்பைல் செய்யும்போது விளங்காத எரர்கள் வந்தால் முதலில் இந்த மாறியைப் பாருங்கள்.

16 பிட் கமாண்டின் பெயர் டபிள்யூசிஎல். 386 என்று முடியும் அதன் தம்பி 32 பிட்டுக்கு. இங்கே ஒலிப்படி எழுதிய சுவிட்சுகளை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்:

டபிள்யூசிஎல் -பிசிஎல்=டாஸ் -0 -எம்எஸ் -இசட்ஏ -டபிள்யூஎக்ஸ் சோதனை.சி

பிசிஎல், டாஸுக்குக் கம்பைலும் லிங்க்கும் சேர்த்துச் செய்யச் சொல்கிறது. பூஜ்யம் 8086-க்கு, 286-க்கு 2. எம்எஸ் என்றால் ஸ்மால் மாடல், கோடுக்கு 64 கேபி, டேட்டாவுக்கு 64 கேபி. போதவில்லையென்றால் எம்எல், அதாவது லார்ஜ். இசட்ஏ வாட்காமின் சொந்த நீட்சிகளை அணைத்துத் தரநிலையில் நிறுத்துகிறது. அப்போது ஃபார், நியர் என்ற சொற்களை முன்னால் இரண்டு அடிக்கோடு போட்டுத்தான் எழுத வேண்டும். டபிள்யூஎக்ஸ் எல்லா எச்சரிக்கைகளையும் காட்டும்.

தசமக் கணக்குக்கு எஃப்பிஐ சுவிட்சை விட்டு நகராதீர்கள். 8087 சில்லு இருந்தால் பயன்படுத்தும், இல்லாவிட்டால் மென்பொருளால் கணக்கிடும். எஃப்பிஐ87 என்று எழுதினால் சில்லு இல்லாத பெட்டியில் புரோகிராம் ஓடாது. இரண்டு பாதையும் வேலை செய்கிறதா என்று பார்க்க, சில்லு உள்ள பெட்டியில் நோ87 என்ற மாறிக்கு ஏதாவது மதிப்பு வைத்து ஒருமுறை ஓட்டுங்கள்.

டாஸ்பாக்ஸ் எமுலேட்டரில் ஓடியதை வைத்து எக்ஸ்டியில் ஓடும் என்று முடிவுகட்ட வேண்டாம். டாஸ்பாக்ஸ் 386-இன் கட்டளைகளையும் ஏற்கும். பூஜ்யத்துக்குப் பதில் 3 என்று தவறிப் போட்டுக் கம்பைல் செய்த புரோகிராம் அங்கே ஓடிவிடும், உண்மையான 8088-இல் தொங்கி நிற்கும். 86பாக்ஸ் அல்லது பிசிஇஎம் எமுலேட்டரில் 8088 பிராசசரைத் தேர்ந்து சோதியுங்கள்.

8086-க்கு ஜிசிசி-யே வேண்டும் என்பவர்களுக்கு ஐஏ16 என்ற கிளை இருக்கிறது. ஃப்ரீடாஸ் (இலவச டாஸ்), எல்க்ஸ் (8086-க்கான சிறு லினக்ஸ்) வட்டாரத்தில் பயன்படுவது. ஜிசிசி-யின் எச்சரிக்கைகளுக்குப் பழகியவர்களுக்கு நல்ல துணை.

386-க்கு மேல்: டிஜேஜிபிபி

டிஜே டெலோரி 1989-இல் தொடங்கியது. ஜிசிசி-யை அப்படியே டாஸுக்குக் கொண்டுவந்த தொகுப்பு. 32 பிட், 64 கேபி சுவர் கிடையாது. சி99 வேண்டுமென்றால் டாஸில் இதுவே சரியான இடம்.

தேவை நான்கு ஜிப்கள்: டிஜேடெவ்205 (லைப்ரரியும் ஹெடர்களும்), பிஎன்யு (அசெம்பிளர், லிங்கர்), ஜிசிசி, சிஎஸ்டிபிஎம்ஐ7பி (டாஸில் 32 பிட் புரோகிராம் ஓடத் தேவையான டிபிஎம்ஐ வசதி). மேக் விருப்பப்படி. எல்லாவற்றையும் சி டிரைவில் டிஜேஜிபிபி என்ற ஒரே ஃபோல்டருக்குள், உள் ஃபோல்டர்கள் கெடாமல் பிரியுங்கள். டிஜேஜிபிபி என்ற மாறி அங்குள்ள டிஜேஜிபிபி.என்வி ஃபைலின் முழுப் பாதையைக் காட்ட வேண்டும், ஃபோல்டரை அல்ல. பாத்தில் பின் ஃபோல்டர். என்விரான்மென்ட்டில் இடமில்லை என்று டாஸ் முறையிட்டால் கான்ஃபிக்.சிஸ் ஃபைலின் ஷெல் வரியில் /இ:1024 சேருங்கள்.

டிபிஎம்ஐ இல்லை, சிஎஸ்டிபிஎம்ஐ ஜிப்பை எடு என்று எரர் வந்தால் நான்காவது ஜிப்பை விட்டுவிட்டீர்கள். உங்கள் புரோகிராமை இன்னொரு பெட்டிக்கு எடுத்துப் போகும்போதும் சிடபிள்யூஎஸ்டிபிஎம்ஐ.இஎக்ஸ்இ ஃபைல் கூடவே போக வேண்டும். விண்டோஸ் 95, 98-இன் டாஸ் சாளரத்தில் மட்டும் தேவையில்லை, அங்கே விண்டோஸே டிபிஎம்ஐ தருகிறது. 387 (தசமக் கணக்குச் சில்லு) இல்லாத 386, 486எஸ்எக்ஸ் பெட்டிகளுக்கு இமு387.டிஎக்ஸ்இ-யின் பாதையை இமு387 என்ற மாறியில் வையுங்கள்.

தரநிலையில் நிறுத்த "-ஆன்சி" மட்டும் போதாது. அது ஒத்துப்போகாத நீட்சிகளை அணைக்கும், ட்ரைகிராஃபை (மூன்று குறிகளால் ஒரு குறியை எழுதும் முறை) இயக்கும், தரநிலையில் இல்லாத ஃபங்ஷன்களை ஹெடரில் மறைக்கும். மீதியைப் பற்றி வாய் திறக்காது. "-பெடான்டிக்" சேர்த்தால்தான் சொல்லும். "-பெடான்டிக்-எரர்ஸ்" என்றால் நிறுத்தியே விடும்.

புது ஜிசிசி-கள் நினைவகத்தை ஏகமாகத் தின்னும். 4 எம்பி, 8 எம்பி பெட்டியில் நேராகக் கம்பைல் செய்வதானால் 2001-இல் வந்த 2.95.3 போன்ற பழைய பதிப்பு போதும். அல்லது லினக்ஸிலிருந்து கிராஸ் கம்பைல் (ஒரு இயந்திரத்தில் இன்னொன்றுக்கான கம்பைல்) செய்யுங்கள். அப்போது தரநிலையைக் கட்டாயம் எழுதுங்கள். ஜிசிசி 5-க்கு முன்வரை இயல்புநிலை 1990-இன் சி. அதன்பின் 11, 17 என்று ஏறி 15-ஆம் பதிப்பில் சி23. ஜிசிசி 14 முதல், அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் எரர். சி23-இல் கே-அண்ட்-ஆர் வரையறைகளே இல்லை. "-எஸ்டிடி=ஜிஎன்யு89" போட்டால் பழைய கோடு பழையபடி ஏறும்.

மற்ற இயந்திரங்கள்

8 பிட் பிராசசரான இசட்80-க்கு எஸ்டிசிசி, அதைப் பல பழைய வீட்டுக் கணினிகளுக்கு ஏற்ப விரித்த இசட்88டிகே. சிபி/எம் என்ற பழைய இயங்குதளத்தின் மேலேயே கம்பைல் செய்ய ஹை-டெக் சி 3.09 இலவசம், ஆனால் அது தரநிலைக்கு முந்தியது. இன்னொரு 8 பிட் பிராசசரான 6502-க்கு சிசி65 வேகமானது, நன்கு பழகியது. தசம எண்கள் அதில் இல்லை என்பதால் முழு சி89 என்று சொல்ல முடியாது. தசம எண்கள் கட்டாயமானால் எல்எல்விஎம்-மாஸ் அல்லது விபிசிசி. அமிகா, அட்டாரி எஸ்டி போன்ற 68000 பெட்டிகளுக்கு விபிசிசி முதல் தேர்வு: சி89-ஐ ஒழுங்காகப் பின்பற்றுகிறது, சி99-இல் பெரும்பகுதியும் உண்டு.

பழைய யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷனில் கூடவே வந்த சிசி பெரும்பாலும் கே-அண்ட்-ஆர் வகை. அங்கே ஏணி போல ஏற வேண்டும். ஜிசிசி 3.4-க்கு முந்திய பதிப்புகள் கே-அண்ட்-ஆர் கம்பைலரால் தொடங்கிக் கட்டக்கூடியவை, ஆகவே முதல் படி 2.95.3. 3.4-இலிருந்து கட்டுவதற்குச் சி90 கம்பைலர் வேண்டும், அது இப்போது கையில் இருக்கிறது. அப்படியே 4.7 வரை போகலாம். 4.8 முதல் சி++ கம்பைலரும் தேவை, அதனால் 4.7-ஐக் கட்டும்போதே சி++ சேர்த்துக் கட்டுங்கள். மூல இயந்திரம் மெதுவென்றால் ஒவ்வொரு படிக்கும் நாள் கணக்கு ஆகும்.

புரோகிராமைப் பெட்டிக்குள் கொண்டுபோவதில் ஒரு பொறி இருக்கிறது. 1.2 எம்பி டிரைவில் எழுதிய 360 கேபி ஃப்ளாப்பியை எக்ஸ்டியின் டிரைவ் பல சமயம் படிக்காது. 1.2 எம்பி டிரைவின் ஹெட் பாதி அகலத் தடத்தில் எழுதுகிறது. முன்பு அகலத் தடத்தில் எழுதியதன் மிச்சம் இருபுறமும் அழியாமல் நிற்கும், 360 கேபி ஹெட் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும். எதுவும் எழுதாத புது வட்டாக இருந்தால் தப்பிக்கும். சீரியல் கேபிளில் கெர்மிட் என்ற ஃபைல் அனுப்பும் புரோகிராமை வைத்து அனுப்புவது இன்னும் நம்பகமானது. பைனரி முறையை இரு பக்கமும் அமைத்துவிட்டு அனுப்புங்கள். டெக்ஸ்ட் முறையில் போன இஎக்ஸ்இ ஃபைலின் அளவு இரு பக்கமும் ஒத்திருக்காது, டிர் போட்டால் உடனே தெரியும்.